கையேந்துபவனுக்கு ஒரு சட்டம்

தசரா நெருங்கினால் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கடைத்தெருக்களில் காளி நடந்து வருவாள். முகமெல்லாம் செஞ்சாயம், தொங்கும் நாக்கு, முதுகில் கட்டிய மரக்கைகள். ஜவுளிக்கடை வாசலில் நின்று தட்டை நீட்டுவாள். கல்லாவில் இருப்பவர் எழுந்து நின்று பத்தோ இருபதோ போட்டு, நெற்றியில் திருநீறு வாங்கிக்கொள்வார். காளிக்குப் பின்னால் கரடி வரும், போலீஸ்காரர் வருவார், குறவனும் குறத்தியும் வருவார்கள், கிழிந்த சட்டையோடு பிச்சைக்காரர் வேடமும் வரும். எல்லோரும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருப்பவர்கள். வேடத்துக்குள் இருப்பவர் ஊரில் நாலு லாரி ஓட்டுபவராகவும் இருக்கலாம். தன் பையிலிருந்து ஒரு கட்டு நோட்டை எடுத்து உண்டியலில் போட்டால் அவருடைய நேர்த்தி தீராது. ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கிய காணிக்கையாக அது இருந்தாக வேண்டும்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமம் போட்ட செம்போடு “கோவிந்தா” என்று வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு முந்தானையை விரித்து மடிப்பிச்சை ஏற்கும் பெண்களுக்கும் அப்படியே. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து சமாதி வரைக்கும் வித்வான்கள் பாடிக்கொண்டே உஞ்சவிருத்தி போகிறார்கள். தியாகராஜர் அப்படி அரிசி வாங்கித்தான் குடும்பம் நடத்தினார்.

இந்தக் கோயில்களின் வாசலிலேயே இன்னொரு வரிசையும் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத் தட்டு, அழுக்குத் துண்டு, புண்ணுக்குக் கட்டிய துணி. காளிக்கு எழுந்து நின்ற அதே மனிதர் இங்கே, “கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுப் பொழைக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு கைக்குக் கும்பிடு, இன்னொரு கைக்கு விரட்டு. அது சாமிக்கு, இது வயிற்றுக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் காலம்காலமாக நாம் கும்பிட்ட துறவிகளும் வயிற்றுக்குத்தான் வாங்கினார்கள். அவர்களுடைய பிச்சைக்கு மதிப்பு எப்படி வந்தது என்று பார்க்கப் போனால், பழைய சமய விதிநூல்களில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. தானம் கொடு என்று உபதேசிக்கும் நூல்கள் ஏராளம். வாங்குகிறவன் எப்படி வாங்க வேண்டும் என்றுதான் இந்த விதிநூல்கள் கறாராகச் சட்டம் போட்டிருக்கின்றன.

பௌத்தத் துறவிகளின் வினய நூல்களை எடுத்துக்கொள்வோம். நண்பகலுக்குப் பிறகு உண்ணக் கூடாது. வாங்கிய உணவை மறுநாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது. நோயில்லாதபோது நெய், தேன், மீன், இறைச்சி, தயிர் என்று வகை சொல்லிக் கேட்கக் கூடாது. பொன்னும் வெள்ளியும் வாங்கக் கூடாது. குழம்பைச் சோற்றால் மூடி மறைத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டும் என்று ஓட்டை நீட்டக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போது சிரிப்பு வரும். யாரோ ஒருவர் அப்படிச் செய்து மாட்டியிருக்கிறார் என்பது தெரிகிறது. வினய விதிகள் பெரும்பாலும் அப்படித்தான் உருவானவை. முதலில் ஒரு புகார் வரும், பிறகு ஒரு சட்டம் வரும்.

அவற்றில் ஒரு புகார் காணா என்ற பெண்ணைப் பற்றியது. கட்டிக்கொடுத்த மகள் ஏதோ காரியமாகத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். புறப்பட்டு வரும்படி கணவன் ஆள் அனுப்புகிறான். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று தாய் பணியாரம் சுடுகிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கு வாசலில் வந்து நிற்கிறார். பக்தியுள்ள பெண், அவருக்கு எடுத்துக் கொடுக்கிறாள். அவர் போய் இன்னொருவரிடம் சொல்ல, அவர் வேறொருவரிடம் சொல்ல, சட்டி காலியாகிறது. பயணம் தள்ளிப்போகிறது. கணவன் மறுபடி ஆள் அனுப்புகிறான், மறுபடி பணியாரம், மறுபடி பிக்குகள். மூன்றாவது முறையும் இதுவே நடந்தபோது அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டுவிட்டான். காணா அழுதுகொண்டு நிற்கிறாள்.

அதே விதிக்கு இன்னொரு சம்பவமும் காரணமாகச் சொல்லப்படுகிறது. வணிகர் கூட்டத்தோடு புறப்பட வேண்டிய ஒருவர் தன் கட்டுச்சோற்றையெல்லாம் பிக்குகளுக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் சமைக்கத் தங்கினார். கூட்டம் போய்விட்டது. தனியாகப் பின்னால் போனவரைத் திருடர்கள் மறித்துப் பறித்துக்கொண்டார்கள். இந்த இரண்டுக்கும் பிறகு வந்த சட்டம் இது: எவ்வளவு வற்புறுத்திக் கொடுத்தாலும் இரண்டு மூன்று பாத்திர அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கியதை மற்ற பிக்குகளோடு பகிர வேண்டும். வழியில் வேறு பிக்குவைப் பார்த்தால், அந்த வீட்டில் நான் வாங்கிவிட்டேன், நீங்கள் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

சமண முனிவர்களின் ஒழுங்கு இதைவிடக் கடுமையானது. திகம்பர முனிவர் நாளுக்கு ஒரே முறை, நின்றபடி, குவித்த கைகளில்தான் உண்கிறார். பாத்திரமே கிடையாது. உணவில் ஒரு முடி தட்டுப்பட்டால் அன்றைய சாப்பாடு அத்தோடு சரி. சுவேதாம்பரர்கள் பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள். பசு வேரோடு பிடுங்காமல் நுனிப்புல் மேய்வதை அதற்கு உவமையாகச் சொல்வது அவர்கள் வழக்கம். துறவிக்கென்று தனியாகச் சமைத்ததை ஏற்கக் கூடாது என்பதும் விதி.

வைதிக சந்நியாசிக்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அடுப்பில் புகை நின்று, உலக்கைச் சத்தம் ஓய்ந்து, தணல் அவிந்து, வீட்டார் உண்டு கலம் கழுவிய பிறகுதான் அவர் தெருவுக்குள் வர வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. மிச்சம் இருந்தால் கிடைக்கும். சகுனம் சொல்லியோ, நட்சத்திரம் பார்த்தோ, கைரேகை படித்தோ பிச்சை சம்பாதிக்கக் கூடாது என்றும் அதே நூல் தடை போடுகிறது. மனுவோடு நமக்குச் சண்டை ஆயிரம் உண்டு. இந்த ஓர் இடத்தை மட்டும் காலை நேர ஜோதிட நிகழ்ச்சிக்காரர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டினால் தேவலை.

உழைக்காமல் ஏன் தின்கிறாய் என்ற கேள்விக்கும் வயது அதிகம். மகதத்தில் ஏகநாளா என்ற ஊரில் பாரத்துவாசர் என்ற உழவர். விதைப்புக் காலம். ஐந்நூறு ஏர் பூட்டியிருக்கிறது, ஆட்களுக்குச் சோறு பங்கிடுகிறார். புத்தர் வந்து நிற்கிறார். நான் உழுகிறேன், விதைக்கிறேன், பிறகு உண்கிறேன், நீரும் அப்படிச் செய்யலாமே என்கிறார் உழவர். நானும் உழவன்தான் என்று புத்தர் தம் சாதனைகளையே ஏராகவும் விதையாகவும் வைத்துப் பாட்டாக விடை சொல்கிறார். உழவர் நெகிழ்ந்து பாயசம் எடுத்து வருகிறார். சுவையான பகுதி இதற்குப் பிறகுதான். புத்தர் அந்தப் பாயசத்தை ஏற்க மறுக்கிறார். பாடியதற்குக் கிடைக்கும் சோறு கூலி ஆகிவிடும் என்பது அவர் வாதம். துறவியின் பிச்சை எந்தச் சேவைக்கும் விலையாக இருக்கக் கூடாது என்ற கொள்கை அங்கே தெளிவாக நிற்கிறது. அந்த அளவுகோலை வைத்தால் இன்றைய காணிக்கைகளில் பாதிக்கு மேல் கட்டணம் என்ற வகையில் சேர்ந்துவிடும்.

உழவரின் கேள்வியைச் சீனாவில் ஒரு பௌத்தரே ஒப்புக்கொண்டார். எட்டாம் நூற்றாண்டு சென் துறவி பாய்ஜாங், ஒரு நாள் வேலை செய்யாவிட்டால் அந்த நாள் சாப்பாடும் இல்லை என்று மடத்தில் சட்டம் வைத்தவராகப் புகழ்பெற்றவர். தள்ளாத வயதில் சீடர்கள் அவருடைய மண்வெட்டியை ஒளித்துவைத்தபோது உண்ண மறுத்துவிட்டாராம்.

வாங்குகிறவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட இந்த வேலிதான் அவனுக்கு அதிகாரத்தையும் கொடுத்தது. எதையும் சேர்த்துவைக்காதவனை விலைக்கு வாங்க முடியாது. சங்கத்துக்குத் தீங்கு செய்த இல்லறத்தார் வீட்டில் பிச்சை ஏற்க மறுக்கலாம் என்று வினயத்தில் ஒரு வழி உண்டு. பாத்திரத்தைக் கவிழ்த்தல் என்று அதற்குப் பெயர். 2007 செப்டம்பரில் மியான்மரின் பகோக்கு நகரில் ஊர்வலம் போன பிக்குகளை ராணுவம் அடித்தது. மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பிக்குகள் கெடு விதித்தார்கள். கெடு தீர்ந்ததும், செப்டம்பர் 18 முதல், ராணுவத்தாரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பிச்சை ஏற்பதில்லை என்று பாத்திரங்களைக் கவிழ்த்தார்கள். தானம் செய்தால்தான் புண்ணியம் என்று வளர்ந்த ஒரு தளபதியின் மனைவிக்கு, விடியற்காலையில் சோற்றோடு வாசலில் நின்றும் வாங்க ஆள் இல்லை என்பது எப்படிப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பார்க்கலாம். ராணுவம் ஆட்சியை விட்டுவிடவில்லை, மடங்களுக்குள் புகுந்து பிக்குகளை அள்ளிக்கொண்டு போனது. ஆனால் கொடுப்பவன் மேல், வாங்குபவன் கீழ் என்ற ஏற்பாடு சில நாளாவது தலைகீழாகக் கிடந்தது.

வேலி உடைவதும் இதே ஓட்டுக்குள்தான் தொடங்குகிறது. பட்டினத்தார் கதையில் திருவிடைமருதூர்க் கிழக்குக் கோபுர வாசலில் அவர், மேற்கு வாசலில் பத்திரகிரியார். பிச்சை கேட்டு வந்தவனிடம், மேற்கு வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ என்று அனுப்பிவிட்டார் பட்டினத்தார். ராஜ்யத்தையே விட்டு வந்த பத்திரகிரியாரிடம் மிச்சம் இருந்த சொத்து ஒரு திருவோடும் ஒரு நாயும்தான். தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாதவர் குறைவு. ஐரோப்பாவில் இதே வழக்கு போப்பாண்டவர் வரைக்கும் போனது அவ்வளவாகத் தெரியாது.

அசிசி பிரான்சிசின் சபைக்கு 1223இல் அங்கீகாரம் பெற்ற ஒழுங்குநூல், காசைக் கையால் வாங்குவதையே தடுத்தது. சபை வளர்ந்தது, மடங்கள் எழுந்தன, நூலகங்கள் வந்தன. எதுவும் எங்களுடையது அல்ல, எல்லாம் போப்பின் உடைமை, நாங்கள் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான் என்று ஒரு சட்ட ஏற்பாடு செய்துகொண்டார்கள். சபைக்குள்ளேயே கறாரானவர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களில் நால்வர் 1318இல் மார்செய் நகரில் எரிக்கப்பட்டார்கள். 1322இல் போப் இருபத்திரண்டாம் ஜான், தின்றால் தீர்ந்துபோகும் பொருளில் பயன்பாடு வேறு உடைமை வேறு என்று பிரிக்க முடியாது என்று சொல்லி, சொத்தைச் சபையின் தலையிலேயே திருப்பிக் கட்டினார். இயேசுவும் சீடர்களும் எதையும் உடைமையாக வைத்திருக்கவில்லை என்று அடித்துச் சொல்வது மதவிரோதம் என்று அடுத்த ஆண்டே அறிவித்தார். ஏழ்மை தேவைப்பட்டதா, ஏழ்மையின் பெயர் தேவைப்பட்டதா என்ற கேள்வி அங்கே நெருப்பு வரை போய்விட்டது.

நம் பக்கத்து மடங்கள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவே இல்லை. காவிரிப் படுகையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தோடு தருமபுரமும் திருவாவடுதுறையும் வெளிப்படையாகவே நிலவுடைமையாளர்களாக இருந்தன. குத்தகைக்காரர்களிடம் கேட்டால் அந்தக் கதை வேறு மாதிரி இருக்கும். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டதும், பசி தெரியாமல் படித்ததும் திருவாவடுதுறை மடத்தின் நிழலில்தான். அந்தச் சாமிநாதையர்தான் பின்னாளில், 1898இல், மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். சைவ மடத்துச் சோற்றில் வளர்ந்தவர் கையால் பௌத்தக் காப்பியம் நமக்குக் கிடைத்தது.

அந்தக் காப்பியத்துக்குள் பிச்சையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிக நுட்பமான கதை இருக்கிறது. ஆபுத்திரன் பெற்ற தாயால் கைவிடப்பட்டவன். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காக வளர்த்த ஊரும் விரட்டிவிட, மதுரைக்கு வருகிறான். செல்வர் வீடுகளில் இரந்து, குருடர், செவிடர், முடவர், நோயாளிகளைக் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். கலைமகளான சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருகிறாள். தானத்தின் பயனைத் தர இந்திரனே இறங்கி வரும்போது, பசித்தவன் முகம் மலர்வதைப் பார்ப்பதைவிட உன் சொர்க்கத்தில் என்ன இருக்கிறது என்று அவன் சிரித்துவிடுகிறான்.

இந்திரனின் பழிவாங்கல்தான் கதையின் உச்சம். அவன் ஓட்டைப் பிடுங்கவில்லை, மழையைப் பெய்யவிட்டான். பஞ்சம் தீர்ந்தது, பாண்டிநாடு செழித்தது, சோறு கேட்க ஆள் இல்லை. ஊட்டுமிடத்தில் வெட்டிக் கூட்டம் அரட்டை அடித்தது. உண்ண வருகிறீர்களா என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தவனை மக்கள் ஏளனமாகப் பார்த்தார்கள். சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். கப்பல் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. தனக்காக மட்டும் அந்த ஓட்டிலிருந்து உண்ண மனமில்லாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து சாகிறான்.

நாடு செழித்தால் அறம் செய்பவனுக்கு வேலை போய்விடும் என்று எழுத அந்தக் காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனாருக்கு எவ்வளவு துணிவு வேண்டும். அன்னதானத்தைப் புகழும் நூல்கள் நெருங்கத் தயங்கும் இடம் இது. பிறரின் பசி கொடுப்பவனுக்குத் தேவைப்படுகிறது. புண்ணியக் கணக்கில் பிச்சைக்காரன் ஒரு மூலப்பொருள். திருக்குறள் இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து, இரண்டாவதில் இரக்க வைத்த உலக ஏற்பாட்டின் மீதே கோபப்படுவதும் இந்த இடத்துக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. இஸ்லாமிய மரபில், கொடுக்கும் மேல்கை வாங்கும் கீழ்க்கையைவிடச் சிறந்தது என்ற நபிமொழி இரப்பதை ஒரு வழியாகப் பழக்கவில்லை. வற்புறுத்திக் கேட்காத ஏழையைத் தேடிக் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். சூஃபி வழியில் ஃபக்கீர்களுக்கு மரியாதை இருந்ததும், நோன்பு மாத விடியலில் தாயிரா அடித்துப் பாடி எழுப்பும் ஃபக்கீர்களுக்குப் பெருநாளன்று வீடுகள் கொடுப்பதும் வேறு கிளை.

வாங்குபவனுக்குத் தகுதி பார்ப்பதையே விட்டுவிட்டவர் வள்ளலார். 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்துக் குடியானவர்கள். சாதி, மதம், ஒழுக்கம், காவி எதுவும் அங்கே கேட்கப்படவில்லை. பசி இருந்தால் போதும். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது.

அரசாங்கங்கள் இதற்கு நேர்எதிர்த் திசையில் போயின. ஜப்பானில் மெய்ஜி அரசு 1872இல் பிக்குகளின் பிச்சையைத் தடைசெய்து, 1881இல் மறுபடி அனுமதித்தது. சென்னை மாகாணத்தில் பிச்சைத் தடுப்புச் சட்டம் 1945லேயே வந்துவிட்டது. 1959இன் பம்பாய்ச் சட்டம் பல மாநிலங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. பாடுவது, ஆடுவது, குறி சொல்வது என்று எந்தச் சாக்கில் காசு வாங்கினாலும் அது பிச்சை. பிழைப்புக்கு வழி தெரியாத நிலையில் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தால் அதுவும் பிச்சை. வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். முதல் தடவை ஓராண்டு முதல் மூன்றாண்டு, திரும்பத் திரும்ப மாட்டினால் பத்தாண்டு வரை அடைத்துவைக்கலாம். எழுத்துக்கு எழுத்து படித்தால் தசராக் காளிகளும் உஞ்சவிருத்தி வித்வான்களும் இந்த வலைக்குள் வந்தாக வேண்டும். எந்தப் போலீஸ்காரரும் அவர்களைத் தொடப்போவதில்லை, அவரே தட்டில் பத்து ரூபாய் போடுவார். 2011 மக்கள்தொகைக் கணக்கு, பிச்சைக்காரர்கள், நாடோடிகள் என்ற தலைப்பில் எண்ணிய 4,13,670 பேருக்குத்தான் வலை.

தில்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியைத் தில்லி அளவில் ரத்து செய்தது. உணவும் வேலையும் தர முடியாத அரசு, பசிக்குக் கையேந்துவதை எப்படிக் குற்றமாக்கும் என்பதுதான் அதன் கேள்வி. கொரோனாக் காலத்தில் பிச்சைக்காரர்களைத் தெருக்களிலிருந்து அகற்றக் கோரிய மனுவை 2021இல் உச்ச நீதிமன்றமும் அந்த வகையில் பார்க்க மறுத்து, வேறு வழியில்லாமல்தான் மனிதர்கள் பிச்சைக்குப் போகிறார்கள் என்றது.

ஆக, பழைய விதிகள் ஓட்டைச் சுமந்த துறவியைக் கட்டின, புதிய சட்டங்கள் ஓட்டைத் தவிர எதுவும் இல்லாதவனைக் கட்டுகின்றன. இடையில் துறவியின் கட்டு அவிழ்ந்துபோனது. அதைத்தான் கவனிக்க வேண்டும். பூம்பூம் மாட்டின் நெற்றியில் கியூஆர் அட்டை ஒட்டியிருந்த வீடியோவை 2021இல் நிதியமைச்சரே பகிர்ந்தார், நாடே ரசித்தது. ஆசிரமங்களும் ஊழியங்களும் தொலைக்காட்சியின் அடியில் வங்கிக் கணக்கு எண்ணை ஓடவிடுவதை யாரும் வேடிக்கையாகக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே நண்பகல் கெடு இல்லை, இரண்டு மூன்று பாத்திரம் என்ற அளவு இல்லை. முதியோர் உதவித்தொகையிலிருந்து மாதம் ஐந்நூறு அனுப்பும் ஒரு பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், போதும் அம்மா என்று சொல்ல அங்கே ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

வினயத்தில் அதற்கும் ஒரு விதி உண்டு. சாவத்தியில் ஒரு குடும்பம், கணவன் மனைவி இருவருக்கும் பக்தி ஏற ஏறச் செல்வம் இறங்கியது. வந்த பிக்குகளுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சில நாள் அவர்களே பட்டினி கிடந்தார்கள். அளவறியாமல் வாங்குகிறார்களே என்று ஊர் பேசியது. அப்படிப்பட்ட வீட்டைச் சங்கம் கூடி, முறைப்படி தீர்மானம் போட்டு அறிவிக்க வேண்டும் என்று புத்தர் சொன்னார். அறிவித்த பிறகு அந்த வீட்டில் கைநீட்டி வாங்கி உண்ட பிக்கு, மற்றவர்கள் முன்னால் தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே அழைக்கப்பட்டவருக்கும் நோயாளிக்கும் மட்டும் விலக்கு.